புயல் வருமுன் கயிற்றைப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நாஞ்சில் நாட்டு விவசாயியின் கவலையெல்லாம் வயலிலும் விளையிலும்தான் இருக்கும். கும்பப்பூ நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருக்கும். வாழை குலை தள்ளி நிற்கும். வாழைக்கு முட்டுக் கொடுக்க ஓடுகிறவர், தொழுவத்தில் நிற்கும் பசுவை நினைப்பது கடைசியில்தான். பயிர் போனால் அடுத்த பூவில் சரிக்கட்டலாம். கறவை மாடு போனால் அன்றாடச் செலவுக்கு வரும் காசு அன்றே நின்றுவிடும்.

2017 நவம்பர் 29-ல் குமரிக் கடலை ஒட்டிக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே ஒக்கிப் புயலாக மாறியது. ரப்பர், தென்னை, வாழை எல்லாம் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. 2021 நவம்பரில் வந்த ஆபத்து வேறு விதம். அப்போது காற்றில்லை, பெருமழையும் வெள்ளமும்தான். இரண்டிலிருந்தும் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றே: ஆபத்து வந்தபின் யோசிக்க நேரம் கிடைக்காது.

காற்றுக்கு ஓரிடம், வெள்ளத்துக்கு ஓரிடம்

கால்நடைகளை ஒதுக்கி வைக்க இரண்டு இடங்களை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். காற்றில் ஆபத்து மேலிருந்து வருகிறது. தென்னை, ரப்பர், பலா ஆகிய மரங்களின் வீழ்ச்சி எல்லைக்குள்ளும், மின்கம்பிக்கு அடியிலும் மாடு நிற்கக் கூடாது. சரியாகக் கட்டப்படாத தகரக் கூரை பறந்தால் கத்தி போல் வெட்டும். உறுதியில்லாத தொழுவத்தை விட, மரமும் கம்பியும் இல்லாத, வேலியடைத்த திறந்த விளையே மேல்.

வெள்ளத்தில் ஆபத்து கீழிருந்து வருகிறது. பழையாறு, வள்ளியாறு, குழித்துறை ஆறு ஆகியவற்றின் கரையோரத்திலும், குளங்களின் கீழ்ப்புறத்திலும் இருப்பவர்கள் ஒரு மேட்டு நிலத்தைப் பார்த்து வைக்க வேண்டும். நல்ல வெயில் நாளிலேயே மாட்டை அங்கே இரண்டொரு முறை நடத்திச் சென்று பழக்குங்கள். பழகிய வழியில் மாடு மிரளாமல் நடக்கும். கன்றை முன்னால் கொண்டுபோனால் தாய் பின்னால் வரும். எச்சரிக்கை கேட்டதும், இருட்டுமுன் இதைச் செய்துவிட வேண்டும்.

முடிச்சு எப்படி இருக்கிறது?

மாடு இயல்பாகவே நீந்தத் தெரிந்த பிராணி. ஆனால் முளையில் கட்டிய மாட்டால், தண்ணீர் ஏறும்போது தலையைக்கூட உயர்த்த முடியாது. நனைந்த கயிற்றில் இறுகிய முடிச்சை இருட்டில் யாராலும் அவிழ்க்க இயலாது.

ஆகவே மழைக்காலத்தில் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சையே போடுங்கள். கழுத்தை இறுக்கும் சுருக்கு வேண்டாம். இரும்புச் சங்கிலியும் வேண்டாம். அவசரத்துக்குக் கயிற்றை அறுக்க ஓர் அரிவாளைத் தொழுவத்தில் கைக்கெட்டும் இடத்தில் செருகி வையுங்கள். வேறு வழியின்றி வீட்டை விட்டு ஓட நேர்ந்தால், எல்லாக் கயிற்றையும் அவிழ்த்த பிறகே புறப்படுங்கள்.

ஆடு, கோழி, நாய், பூனைக்கும் இதே விதிதான். கோழிகளைத் தரைக்கூட்டில் பூட்டி வைக்காமல், கூட்டைத் திண்ணைக்கோ பரணுக்கோ ஏற்றுங்கள். நாயைச் சங்கிலியிலிருந்து விடுவித்து வீட்டுக்குள் சேருங்கள். பூனையை மூடியுள்ள கூடையில் வைத்தால் எடுத்துச் செல்வது எளிது.

தீவனமும் தண்ணீரும்

ஒரு கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு 5 அல்லது 6 கிலோ வைக்கோல் என்று வைத்தாலும், ஐந்து நாளைக்கு 30 கிலோ நனையாமல் இருக்க வேண்டும். படப்பைக் கல்லும் பலகையும் வைத்து உயர்த்தித் தார்ப்பாயால் மூடுங்கள். பூசணம் பிடித்த வைக்கோலைக் கொடுக்கக் கூடாது.

மின்சாரம் நின்றால் மோட்டார் ஓடாது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் மாட்டுக்கு இல்லாத நிலை வரும். ஒரு கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டருக்குக் குறையாமல் தேவை. தொட்டி, அண்டா, பீப்பாய் அனைத்தையும் முன்னதாகவே நிரப்பி வையுங்கள்.

விழுந்த மரத்தில் விஷம்

காற்று ஓய்ந்த பின்னர் வரும் இந்த ஆபத்து நம் மாவட்டத்துக்கே உரியது. சாய்ந்த ரப்பர் மரத்தின் இலையும், ஒடிந்த மரச்சீனியின் இலையும் பசித்த ஆடு மாடுகளின் வாய்க்கு எட்டும்படி கிடக்கும். இவ்விரண்டிலும் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. இலையை மெல்லும்போது நஞ்சு வெளிப்படுகிறது. மூச்சு வாங்குதல், வாயில் நுரை, தள்ளாட்டம் ஆகியவை கண்டு, சிறிது நேரத்திலேயே உயிர் போகலாம். வெட்டி அகற்றும் வரை ஆடு மாடுகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தின்றுவிட்டால் கைவைத்தியத்தில் நேரத்தைப் போக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். இதற்கு முறிவு ஊசி உண்டு. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் பேசலாம்.

அறுந்து கிடக்கும் மின்கம்பி மற்றோர் எமன். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். எனவே கம்பியைத் தொடாமலேயே, ஈரத்தரை வழியாகப் பாயும் மின்சாரம் அதைக் கொன்றுவிடும். நீங்கள் வழியைத் தூரத்திலிருந்தே பார்த்துவந்த பிறகே கால்நடைகளை வெளியே ஓட்டுங்கள்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

வெள்ளத்துக்குப் பின் தொண்டை அடைப்பான், சப்பை நோய் போன்றவை தலைகாட்டும். தடுப்பூசியின் பலன் கிடைக்க இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். மழைக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டுக்குத் துள்ளுமாரி, கோழிக்கு இராணிக்கெட், நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசிகளையும் மறக்க வேண்டாம்.

மாட்டின் காது வில்லையில் உள்ள 12 இலக்க எண்ணைக் குறித்து வைத்து, ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கால்நடை இறந்துவிட்டால், கிராம நிர்வாக அலுவலரும் கால்நடை மருத்துவரும் பார்த்துச் சான்று தரும் முன் புதைத்துவிடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் தமிழக அரசு பசு, எருமைக்கு 37,500 ரூபாயும் ஆட்டுக்கு 4,000 ரூபாயும் நிவாரணமாக அறிவித்தது. சான்று இல்லாமல் நிவாரணம் பெறுவது கடினம்.

இத்தனைக்கும் மேலாக ஒன்று. 2005-ல் அமெரிக்காவில் கத்ரீனா புயல் வந்தபோது, வளர்ப்புப் பிராணிகளை விட்டு வரமாட்டோம் என்று பலர் வீட்டிலேயே தங்கிவிட்டனர். அதனால், மக்களை வெளியேற்றும் திட்டத்தில் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்று மறு ஆண்டே அங்கு சட்டம் வந்தது. நம் ஊரிலும் "மாட்டை விட்டுவிட்டு எப்படி வருவது?" என்று தொழுவத்திலேயே நின்றுவிடுகிறவர்கள் உண்டு. மாட்டுக்கு இடம் முன்பே ஏற்பாடாகியிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்: வெள்ளம் வந்தால் நமக்கு எந்த முகாம், அதன் அருகில் கால்நடைகளைக் கட்ட எந்த மேடு? மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதைத் தொழுவத்துச் சுவரில் எழுதி வையுங்கள். இன்று மாலை மாட்டைக் கட்டும்போது, முடிச்சையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.