ஓசை புகாத ஜன்னல்

நம் பிள்ளைகள் சிலர் வீட்டு அறையொன்றையே பாடல் பதிவுக் கூடமாக அமைக்கிறார்கள். பாட்டோடு மோட்டார் சைக்கிள் இரைச்சலும் பதிவாகிவிடுகிறது. இதைத் தடுப்பது எப்படி?

காற்று நுழையும் வழியெல்லாம் ஓசையும் நுழையும். ஆகவே, கண்ணாடிக்குச் செலவழிக்குமுன் இடுக்குகளை அடைப்போம். இரவில் அறைக்குள் விளக்கைப் போட்டு, வெளியே நின்று பார்த்தால், வெளிச்சம் கசியும் இடங்கள் தெரியும். அடுக்குக் கண்ணாடி ஜன்னலில் இடுக்குகளே அதிகம். அதை மாற்றத்தான் வேண்டும்.

அடுத்தது இரட்டைக் கண்ணாடி. ஒன்று 6 மில்லிமீட்டர், மற்றது 10 மில்லிமீட்டர் கனம். நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி. இரண்டும் ஒரே கனமானால், ஒரே சுருதிக்கு இரண்டும் அதிர்ந்து அந்த ஓசையை உள்ளே விட்டுவிடும். ஒவ்வொன்றையும் தனிச் சட்டத்தில், ரப்பர் பட்டை வைத்துப் பொருத்த வேண்டும். சட்டம் ஒன்றானால் அதிர்வு மரத்தின் வழியே தாவிவிடும்.

சுவரில் முட்டை அட்டை ஒட்டுவதால் வெளி ஓசை நிற்காது. தீப்பற்றும் அபாயமும் உண்டு. தகரக் கூரையில் விழும் மழையோசைக்கும் ஜன்னல் மருந்தாகாது. மழை ஓய்ந்தபின் பாடுவதே வழி.

இறுக அடைத்த அறையில் காற்றோட்டம் இராது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கதவைத் திறந்து வைப்போம். ஓசையைத் தடுக்கப் போய் மூச்சைத் தடுத்துவிடக் கூடாதல்லவா?