சிட்டி துரோகியா? ‘ஆர்டர் 66’ குளோன் வீரர்கள் முதல் ஆவடியில் உருவான ஆளில்லா வண்டி வரை

‘எந்திரன்’ படத்தில் மறக்க முடியாத காட்சி எதுன்னு கேட்டால், பாதிப் பேர் அந்தக் கருப்பு ஆடு காட்சியைத்தான் சொல்வார்கள். எங்கே திரும்பினாலும் ஒரே முகம். அந்தக் கூட்டத்துக்குள் ஒருத்தர் மட்டும் வேற ஆள். ரோபோ வேஷத்தில் உள்ளே நுழைந்த வசீகரன். ஆடு மாதிரி கத்திக்கொண்டே வரிசை வரிசையாக அவரைத் தேடுவார் சிட்டி.

2010-ல் தியேட்டரில் விசில் பறந்த காட்சி இது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் ஒரு விஷயம் இடிக்கும். அத்தனை பிரதிகளில் ஒன்றுகூட சிட்டியைக் காட்டிக்கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது, அப்படித்தான் அவற்றைச் செய்திருக்கிறார்கள். அப்படியென்றால், துரோகம் செய்யவே தெரியாத ஒன்றை ‘விசுவாசி’ என்று சொல்ல முடியுமா?

குளோன் வீரர்கள், நகல் ரோபோக்கள் வரும் சயின்ஸ் ஃபிக்‌ஷன் கதைகள் பலவும் இந்தக் கேள்வியைத்தான் சுற்றி வருகின்றன. திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது வெறும் சினிமா விஷயமும் இல்லை. அதற்குப் பிறகு வருவோம்.

‘ஆர்டர் 66’ என்றால் என்ன?

‘ஸ்டார் வார்ஸ்’ பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜாங்கோ ஃபெட் என்ற கூலிப்படை வீரனின் மரபணுவிலிருந்து ஒரு பெரும் படையையே வளர்த்தெடுக்கிறார்கள். இயல்பைவிட வேகமாக வளர்ச்சி, கேள்வி கேட்காத கீழ்ப்படிதல். 2002-ல் வந்த படத்தில் இந்தப் படை அறிமுகம். ஜெடாய் வீரர்கள்தான் இவர்களுடைய தளபதிகள். 2005-ல் வந்த அடுத்த படத்தில், ஆட்சித் தலைவர் பால்படைன் ஒரே ஒரு உத்தரவு போடுகிறார். அதுதான் ஆர்டர் 66. அதுவரை தோளோடு தோள் நின்று சண்டை போட்ட தளபதிகளை, அடுத்த நொடியே முதுகில் சுடுகிறார்கள் குளோன்கள்.

அந்த 2005 படத்தில் இதற்குப் பெரிய விளக்கம் எதுவும் இல்லை. உத்தரவு வந்தது, சுட்டார்கள். பிறகு ‘தி குளோன் வார்ஸ்’ அனிமேஷன் தொடர் அந்தக் குளோன்களுக்குப் பெயர், குணம், நட்பு, கிண்டல் எல்லாம் கொடுத்துவிட்டது. இப்போது ரசிகர்களுக்குச் சிக்கல். இவ்வளவு நல்ல பசங்க எப்படிச் சுட்டாங்க? 2014-ல் வந்த ஆறாவது சீசன் அதற்குப் பதில் சொன்னது: ஒவ்வொருவர் மூளையிலும் பிறக்கும்முன்பே ஒரு சிப். அதைக் கண்டுபிடித்த ஃபைவ்ஸ் என்ற வீரனை யாரும் நம்பவில்லை, கடைசியில் அவனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், சிப் இல்லாத 2005 கதைதான் அதிகம் பயமுறுத்துகிறது. சிப் வந்ததும் வீரர்கள் மேல் நமக்கு இரக்கம் வந்துவிடுகிறது, பழி மொத்தமும் பால்படைன் தலையில். சிப் இல்லாவிட்டால்? பழகிய மனிதனைச் சுடுவதற்கு மேலிடத்து உத்தரவு ஒன்றே போதும் என்று ஆகிவிடுகிறது.

தன்னையே சுட்ட படை

அந்தத் தொடரில் சிப்பைவிட முக்கியமான பகுதி நான்காவது சீசனில் வருகிறது. உம்பாரா என்ற இருண்ட கிரகம். பாங் க்ரெல் என்ற ஜெடாய் தளபதி, எதிரிகள் நம்ம சீருடையைத் திருடிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள், சுடுங்கள் என்று ஒரு பிரிவிடம் சொல்கிறார். எதிரில் வரும் பிரிவிடமும் அதையேதான் சொல்லி அனுப்பியிருக்கிறார். இருட்டில் இரண்டு பிரிவும் மோதுகின்றன. பிணங்கள் விழுந்த பிறகு கேப்டன் ரெக்ஸ் ஒரு ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்க்கிறார். உள்ளே இருப்பது அவருடைய முகம்.

இங்கே சிப் வேலை செய்யவில்லை. வேலை செய்தது வெறும் கீழ்ப்படிதல். துரோகம் செய்தது வீரன் இல்லை, உத்தரவு போட்டவர்.

ஸ்லிக் என்ற ஒரு சார்ஜென்ட்டும் உண்டு. முதல் சீசனிலேயே எதிரிக்குத் தகவல் விற்று மாட்டிக்கொள்கிறான். பிடிபட்டதும் அவன் சொல்லும் காரணம், ஜெடாய்கள் எங்களை அடிமைகளாக வைத்திருக்கிறார்கள் என்பது. சகோதரர்களைக் காட்டிக்கொடுத்தவன்தான், சந்தேகமில்லை. ஆனால் அவன் கேட்டதற்கு அந்த எபிசோடில் யாரிடமும் சரியான பதில் இல்லை.

நம்ம ஊர் கணக்கு

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல்லே இருக்கிறது: செஞ்சோற்றுக்கடன். சோறு போட்டவனுக்காக உயிரைக் கொடுப்பது. கம்பராமாயணத்துக் கும்பகர்ணன் அண்ணன் செய்தது தப்பு என்று தெரிந்தே, அதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டே, போருக்குப் போகிறான். வீடணன் தப்பு என்று தெரிந்ததும் அணி மாறுகிறான். இதில் யார் சரி என்று பட்டிமன்றம் இன்னும் முடியவில்லை.

2021-ல் தொடங்கிய ‘தி பேட் பேட்ச்’ தொடர் கிட்டத்தட்ட அதே கதைதான். ஒரே குழுவில் நான்கு பேர் பேரரசை விட்டு ஓடுகிறார்கள். கிராஸ்ஹேர் மட்டும் அங்கேயே தங்குகிறான். தன் சிப்பை எப்போதோ எடுத்தாச்சு, இது நானாக எடுத்த முடிவு என்கிறான். பிறகு அடிபட்ட ஒரு குளோனுக்கு மருத்துவ உதவி தராமல் சாகவிட்ட தன் மேலதிகாரியை அவனே சுடுகிறான். கும்பகர்ணனாக இருந்தவன் பாதியில் வேறு ஆளாகிறான்.

கவனிக்க வேண்டியது, இருவருக்கும் தேர்வு இருந்தது. அதனால்தான் அவர்களைப் புகழவும் திட்டவும் நம்மால் முடிகிறது. கும்பகர்ணன் மூளையில் சிப் இருந்தால் பட்டிமன்றமே இல்லை.

சிவப்பு சிப்பை வைத்தது யார்?

இப்போது மறுபடி சிட்டி. ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட ரோபோ அது. சோதனையின்போது விஞ்ஞானி போரா உத்தரவிட்டதும், தன்னை உருவாக்கிய வசீகரனையே குத்தப் போகும். யார் சொன்னாலும் கேட்கும், இதை எப்படி ராணுவத்தில் சேர்ப்பது என்று போரா நிராகரிப்பார். போரா வில்லன்தான். ஆனால் அந்த ஒரு இடத்தில் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

பிறகு சிட்டிக்கு உணர்ச்சி வருகிறது, காதல் வருகிறது, ராணுவ அதிகாரிகள் முன்னால் மானம் போகிறது. வசீகரன் வெட்டிக் குப்பையில் போடுகிறார். அங்கிருந்து எடுத்துச் சிவப்பு சிப் வைப்பதும் அதே போராதான். கடைசியில் நீதிமன்றத்தில் அந்த வீடியோவைச் சிட்டியே காட்டுகிறது. குற்றம் போராவுடையது என்று நிரூபணம் ஆகிறது, வசீகரன் விடுதலை. சிட்டிக்கு? கழற்றிவிட உத்தரவு. குற்றவாளி இல்லை என்று தெரிந்த பிறகும் தண்டனை கருவிக்குத்தான். சுஜாதா வசனத்தில் பங்களித்த படம் என்பதால் ஆச்சரியமில்லை. ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற ரோபோ நாய்க்குட்டியை வைத்து, இயந்திரம் யாருக்கு விசுவாசமாக இருக்கும் என்று 1980-களிலேயே யோசித்தவர் அவர்.

சரி, ஆவடிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

திருவள்ளூர் மாவட்டம் ஆவடியில்தான் 1960-களிலிருந்து ராணுவ டாங்கிகள் தயாராகின்றன. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த டி.ஆர்.டி.ஓ.வின் சி.வி.ஆர்.டி.இ ஆய்வகம் அங்கேதான் இருக்கிறது. அதே ஆய்வகம் உருவாக்கிய ‘முந்த்ரா’ என்ற ஆளில்லா கவச வண்டி 2017-ல் செய்திகளில் வந்தது. கண்காணிப்புக்கு ஒன்று, கண்ணிவெடி தேட ஒன்று, கதிர்வீச்சு அபாயம் உள்ள இடங்களுக்கு ஒன்று என மூன்று வகை. இது சிட்டி இல்லை. தூரத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து ரிமோட்டில் ஓட்டும் வண்டி.

அந்த மனிதர் இருக்கும்வரை சட்டம் தெளிவு. ராணுவச் சட்டம் 1950-ன் 41-வது பிரிவு, உத்தரவை மீறினால் தண்டனை என்கிறது. ஆனால் அங்கே சொல்லியிருப்பது ‘சட்டப்படியான’ உத்தரவு. நூரம்பெர்க் விசாரணைகளுக்குப் பிறகு வகுக்கப்பட்ட கொள்கையும் அதேதான்: மேலதிகாரி சொன்னார் என்பது மட்டும் தப்பிக்கும் வழியாகாது, மறுப்பதற்கு வாய்ப்பு இருந்திருந்தால். சிப் பறிப்பது சரியாக அந்த வாய்ப்பைத்தான். இலக்கைத் தானே தேர்ந்தெடுத்துச் சுடும் ஆயுதத்துக்கு அந்த வாய்ப்பு ஆரம்பத்திலிருந்தே கிடையாது.

இதே மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் மாதிரி தொழிற்பேட்டைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. ரோபோ கை இயங்கும் இடத்தில் வேலி, சிவப்பு எமர்ஜென்சி பட்டன். மெஷினுக்குள் கை வைத்து ரிப்பேர் பார்ப்பவர், மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. சூப்பர்வைசர் சொன்னாலும் அவர் பூட்டைத் திறக்காமல் மெஷின் ஓடக் கூடாது. அடிபடப் போகிறவர் கையில் சாவி. ஆர்டர் 66-ல் சாவி எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

தானியங்கி ஆயுதங்கள் பற்றி ஜெனீவாவில் 2014 முதல் பேச்சு நடக்கிறது. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இதுகுறித்து வந்த தீர்மானத்தை 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கே நாடுகள். ரஷ்யா, பெலாரஸ், மாலி ஆகியவற்றோடு இந்தியாவும் அதில் ஒன்று. ஜெனீவாவில் ஏற்கெனவே நடக்கும் பேச்சுதான் சரியான மேடை, இன்னொரு மேடை தேவையில்லை என்பது இந்தியாவின் வாதம். அந்த ஜெனீவா குழு, ஓர் ஒப்பந்தத்துக்கான அம்சங்களை வகுத்து முடிக்கக் கொடுக்கப்பட்டிருக்கும் கெடு 2026.