வண்டிக்குத் தன் உயரம் எப்படித் தெரியும்?

சேலம்–நாமக்கல் ரோட்டில் ராத்திரி ஒரு ஸ்லீப்பர் பஸ் பக்கத்தில் நின்றிருந்தால் இதைக் கேட்டிருப்பீங்க. ஆட்கள் இறங்கி முடித்த கொஞ்ச நேரத்தில் வண்டிக்கு அடியிலிருந்து 'புஸ்ஸ்'னு மெல்லக் காற்று போகும். பலர் இதை பிரேக் சத்தம்னு நினைப்பாங்க. சில சமயம் அது பிரேக்தான். மற்ற நேரத்தில் நடப்பது வேறு: பாரம் குறைந்ததும் பாடி மேலே எழும்புது, அதைப் பழைய உயரத்துக்கு இறக்க வண்டி தானாகவே காற்றை வெளியே விடுது. அப்படின்னா, தான் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம்னு அந்த வண்டிக்குத் தெரியுது.

அதைச் சொல்கிற உறுப்பு எப்படி வேலை செய்யுது, கெட்டால் வீட்டிலேயே மாற்றலாமா என்பதுதான் இந்தக் குறிப்பு. கடைசியில் கமான் பட்டை வண்டிக்காரர்களுக்கும் ஒரு விஷயம் இருக்கு. இந்தப் பக்கத்தில் அவங்கதான் அதிகம்.

எடையை இல்லை, இடைவெளியை

ஏர் சஸ்பென்ஷன் பஸ்ஸில் கமான் பட்டைக்குப் பதில் ரப்பர் பெல்லோ இருக்கும். சேஸிஸில் ஒரு வால்வு, அதிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு கை, அந்தக் கையிலிருந்து ஆக்சிலுக்கு ஒரு ராடு. ஆள் ஏறினால் பாடி இறங்கும், சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இடைவெளி குறையும், ராடு கையை மேலே தள்ளும், வால்வு திறந்து டேங்க் காற்று பெல்லோவுக்குள் போகும். ஆள் இறங்கினால் எல்லாம் தலைகீழ். 1955-ல் வந்த சிட்ரோயன் டிஎஸ் காரில் காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்து இதே வேலையைச் செய்தாங்க.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்க. இந்த வால்வுக்கு எடை தெரியாது. இடைவெளி மட்டும்தான் தெரியும். கட்டுரை முழுக்க இது திரும்ப வரும்.

பெரும்பாலான பஸ்களில் இந்த வால்வு மூன்றுதான் இருக்கும்: ஒரு ஆக்சிலுக்கு ஒன்று, இன்னொரு ஆக்சிலுக்கு இடம் வலமாக இரண்டு. நான்கு மூலைக்கு ஏன் நான்கு இல்லை? முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும். நாற்காலியில் ஒரு கால் கொஞ்சம் குட்டையானாலும் ஆடும். ஒன்றோடு ஒன்று பேசாத நான்கு வால்வுகள் இருந்தால், ஒன்று ஏற்றுவதை இன்னொன்று இறக்கிக்கொண்டே இருக்கும்.

கார்களில் நான்கு மூலையிலும் வைக்க முடிகிறது. காரணம், அங்கே முடிவெடுப்பது வால்வு இல்லை, கம்ப்யூட்டர். நான்கு சென்சாரும் உயரத்தை மட்டும் சொல்லும். எந்த மூலைக்குக் காற்று என்பதை இசியு தீர்மானிக்கும். கையும் ராடும் அதே மாதிரிதான். கையின் அச்சில் ஒரு காந்தம், அதற்கு எதிரே ஹால் சென்சார். வழக்கமாக மூன்று ஒயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகும்போது சிக்னல் சுமார் 0.5-லிருந்து 4.5 வோல்ட் வரை மாறும். பழைய மாடல்களில் காந்தத்துக்குப் பதில் ரேடியோவின் வால்யூம் குமிழ் மாதிரி தேய்கிற தடம் இருக்கும். ஓடி ஓடி ஒரே இடத்தில் தேய்ந்துவிடும்.

ஏர் சஸ்பென்ஷன் இல்லாத கார்களிலும் இது உண்டு. ஹெட்லைட் தானாக ஏறி இறங்கும் வண்டிகளில் பின் ஆக்சில் பக்கம் ஒன்று இருக்கும்.

குற்றவாளி சென்சார்தானா?

மாற்றுவதற்கு முன்னால் நான்கு கேள்வி.

ஒன்று, வண்டி எப்போது இறங்குது? ராத்திரி நிறுத்தி காலையில் பார்த்தால் ஒரு மூலை உட்கார்ந்திருந்தால் முதலில் காற்றுக் கசிவைச் சந்தேகப்படுங்க. சோப்புத் தண்ணீர் போதும். எஞ்சின் ஓடும்போதே ஒரு மூலை தேவையில்லாமல் ஏறினாலோ இறங்கினாலோ சென்சார் பக்கம் வாங்க.

இரண்டு, லிங்க் ராடு. இரண்டு முனையிலும் சின்ன பந்து மூட்டு இருக்கும். அது கழன்றோ துருப்பிடித்து இறுகியோ போனால் சென்சார் நன்றாக இருந்தும் தப்பாகச் சொல்லும். சில வண்டிகளுக்கு லிங்க் மட்டும் தனியாகக் கிடைக்கும், சென்சாரைவிட மலிவு.

மூன்று, கனெக்டர். வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணியை வீல் வளைவுக்குள் பீய்ச்சினால் தண்ணி கனெக்டருக்குள் புகும். கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சை பூத்திருக்கும்.

நான்கு, ஸ்கேனரில் நான்கு மூலையின் அளவையும் நேரலையாகப் பாருங்க. ஒருவர் பாடியை அமுக்கி விடட்டும். எண் சீராக மாறணும். குதித்தாலோ, அசையாமல் நின்றாலோ, ராடும் ஒயரும் சரியாக இருக்கும் பட்சத்தில், சென்சார் போச்சு.

மாற்றும் வேலை

வேலை சின்னது. ஆபத்து பெரியது. ஏர் பெல்லோ மேல் நிற்கிற வண்டி எப்போது வேண்டுமானாலும் காற்றை விடலாம். வால்வு அதற்காகவே இருக்கு. இன்னொன்று, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அந்தக் கையை நீங்க அசைத்தால், 'உயரம் அதிகம்'னு நினைத்து வண்டி உங்க மேலேயே இறங்கும். பஸ் லெவலிங் வால்விலும் இதே கதைதான். அதனால் வரிசை மாறக் கூடாது.

1. சமதரையில் நிறுத்தி, நான்கு வீலுக்கும் வீல் மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதி வையுங்க.

2. ஏர் சஸ்பென்ஷனை ஜாக்கி மோடுக்கு மாற்றுங்க. பல கார்களில் மெனுவிலேயே இருக்கும். பிறகு ஆஃப் பண்ணி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க.

3. ஜாக்கி வைத்துத் தூக்கி, கம்பெனி சொன்ன இடத்தில் இரும்பு ஸ்டாண்டு கொடுங்க. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீங்க. ஹாலோ பிளாக் கல் முட்டு வேண்டவே வேண்டாம். அது திடீர்னு நொறுங்கும்.

4. வீலைக் கழற்றி, பழைய சென்சாரின் கை எந்தப் பக்கம் பார்த்திருக்கு என்பதைப் போட்டோ எடுங்க. இடதும் வலதும் கண்ணாடி பிம்பம் மாதிரி இருக்கும், பார்ட் நம்பர் வேறு.

5. கனெக்டரைக் கழற்றி, லிங்க் நட்டை எடுங்க. பந்து மூட்டு சேர்ந்து சுற்றினால் அதன் தண்டை இன்னொரு ஸ்பானரால் பிடிக்கணும். பிறகு சென்சாரின் போல்ட்டுகள்.

6. புதுசை அதே திசையில் மாட்டி, ஒயர் வீலில் உரசாமல் பழைய கிளிப்பிலேயே போடுங்க. வீலை மாட்டி, அடியில் யாரும் இல்லை என்று பார்த்து, இறக்கி, ஸ்டார்ட் பண்ணி மறுபடி அளங்க.

அளவு முன்பிருந்தது போல வராவிட்டால் ஆச்சரியமில்லை. ஒவ்வொரு சென்சாரும் மாட்டின விதத்தில் மயிரிழை மாறும். இசியுவிடம் பழைய சென்சாரின் கணக்குதான் இருக்கு. ஸ்கேனரில் கேலிப்ரேஷன் போய், டேப்பில் அளந்த எண்களைக் கொடுக்கணும். இதைத் தள்ளிப்போட முடியாது. லிங்க் ராடு, சஸ்பென்ஷன் கையின் நடுவில் மாட்டியிருக்குன்னு வையுங்க. அங்கே 5 மில்லிமீட்டர் தப்பு, வீலில் 10 மில்லிமீட்டர் தப்பாகும். 2.8 மீட்டர் வீல்பேஸ் காரில் பின்பக்கம் 10 மில்லிமீட்டர் இறங்கினால், ஹெட்லைட் ஒளி 50 மீட்டர் தூரத்தில் சுமார் 18 சென்டிமீட்டர் மேலே போகும். எதிரே வரும் பைக்காரர் கண்ணுக்கு அது போதும்.

பட்டை சேர்த்தால் வால்வு ஏமாறும்

இனி நம்ம ஊர் விஷயம். லாரி பாடி கட்டும் ஊர் நாமக்கல். ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு, லாரிக்குச் சங்ககிரி. இங்கே ஓடும் பல லாரிகளிலும் பிக்கப்களிலும் ஏர் சஸ்பென்ஷன் கிடையாது. ஆனாலும் உயரம் பார்க்கிற ஒரு உறுப்பு பலவற்றில் இருக்கு: லோடு சென்சிங் வால்வு. சேஸிஸில் வால்வு, ஆக்சிலுக்கு ராடு அல்லது ஸ்பிரிங். பின் வீலுக்கு எவ்வளவு பிரேக் போகணும்னு இது முடிவு பண்ணும்.

காலி வண்டியில் பின்பக்கம் லேசு. முழு பிரேக் கொடுத்தால் பின் வீல் லாக் ஆகி வண்டி சுற்றும். அதனால் குறைத்துக் கொடுக்கும். லோடு ஏறி, பட்டை அமுங்கி, இடைவெளி குறைந்தால் முழு பிரேக்கை விடும்.

இப்போ மரவள்ளிக் கிழங்கு சீசனில் சேகோ மில்லுக்கு ஓட்ட, வண்டிக்கு இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்க்கிறோம். உதாரணத்துக்கு, முன்பு முழு லோடில் 80 மில்லிமீட்டர் அமுங்கின வண்டி இப்போது 50 தான் அமுங்குது. எடை அதே. வால்வுக்கோ எடை தெரியாது. 50 மில்லிமீட்டரைப் பார்த்து 'முக்கால் லோடு கூட இல்லை'னு முடிவு பண்ணும். புதுப் பட்டையால் காலி வண்டியே உயர்ந்து நின்றால் இன்னும் மோசம். பின் பிரேக் குறையும், முன் பிரேக் எல்லாத்தையும் சுமந்து சூடேறும். சமவெளியில் ஓட்டும்போது டிரைவருக்கு இது தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலோ தொப்பூர் கணவாய் இறக்கத்திலோதான் தெரியும்.

பட்டை தளர்ந்து உட்கார்ந்த வண்டிக்கு எதிர்மாறு: காலியாக இருக்கும்போதே 'லோடு இருக்கு'னு நினைத்து, மழை ரோட்டில் பின் வீலை லாக் பண்ணிவிடும்.

கம்பெனி கொடுத்த செட்டிங் கம்பெனி பட்டைக்குத்தான் பொருந்தும். அதனால் அடுத்த முறை பட்டறையில் பட்டை வேலை முடிந்ததும், காசு கொடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணா, லோடு வால்வு ராடை செட் பண்ணிட்டீங்களா?" அதை ஒயர் போட்டு மேலே தூக்கிக் கட்டியிருந்தால் அவிழ்த்து, சரியாகச் செட் பண்ணச் சொல்லுங்க. அப்படி கட்டினால் காலி வண்டிக்கு எப்போதும் முழு பிரேக் என்று அர்த்தம்.