ஞானஸ்நான விருந்தின் பந்தியும் பட்டியல் சாதி உரிமையும்

தமிழகக் கிறித்தவக் குடும்பத்தில் ஒரு குழந்தை ஞானஸ்நானம் பெறும் நாள் இரண்டு தடயங்களை விட்டுச் செல்கிறது. ஒன்று, ஆலயப் பதிவேட்டில் எழுதப்படும் பெயரும் தேதியும். மற்றொன்று, அன்றைய விருந்தில் யார் சமைத்தார்கள், யார் பந்தியில் அமர்ந்தார்கள், யார் கை நனைக்காமல் திரும்பினார்கள் என்பது. நீதிமன்றங்கள் இதுவரை முதல் தடயத்தையே படித்து வந்துள்ளன. தலித் கிறித்தவர்களின் பட்டியல் சாதி உரிமைக்கான போராட்டத்தில் இரண்டாவது தடயமும் ஏன் சாட்சியமாக வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

சடங்கு கேட்பதும் வழக்கம் சேர்ப்பதும்

கத்தோலிக்கர் திருமுழுக்கு என்றும், தென்னிந்தியத் திருச்சபையினரும் லுத்தரன் சபையினரும் ஞானஸ்நானம் என்றும் அழைக்கும் இச்சடங்குக்குத் தேவையானவை மிகச் சில: தண்ணீர், மூவொரு கடவுளின் பெயரால் சொல்லப்படும் வாக்கியம், குழந்தைக்காகப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோர். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 877ஆம் விதி, குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், சடங்கை நிறைவேற்றியவர், இடம், தேதி ஆகியவற்றைப் பங்குத்தந்தை பதிவு செய்ய வேண்டும் என்கிறது. சாதியைப் பதியுமாறு அவ்விதி கேட்கவில்லை. விருந்தைப் பற்றியும் அது எதுவும் கூறவில்லை.

விருந்து முழுவதும் ஊர் வழக்கம். ஞானத்தாயும் ஞானத்தந்தையும் வெள்ளை உடையும் வசதிக்கேற்பச் சங்கிலியோ கொலுசோ கொண்டு வருகிறார்கள். தாய்மாமன் சீர் வருகிறது. கேக் வெட்டப்படுகிறது. பிறகு பந்தி: பெரும்பாலும் பிரியாணி அல்லது சோறும் கறிக்குழம்பும். மொய் நோட்டு ஒரு மேசையில் விரிக்கப்படுகிறது. காதணி விழாவுக்கும் இதற்கும் பந்தல் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. உறவும் சாதியும் ஊரும் ஒன்றாகக் கூடும் இடம் என்பதால், அவற்றின் விதிகளும் அங்கே கூடுகின்றன.

அவ்விதிகள் பலருக்கும் தெரிந்தவைதாம். ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த அண்டை வீட்டார் வருவார்கள், மொய் வைப்பார்கள், மூடி திறக்காத சோடா பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு அவசர வேலை இருப்பதாகக் கூறிக் கிளம்புவார்கள். அவர்கள் உண்ண வேண்டும் என்று விரும்பும் தலித் குடும்பம், வேறு சாதிச் சமையல்காரரை அமர்த்தும். தன் விருந்தின் இயல்பான உணவாகிய மாட்டுக்கறியை அன்று தவிர்க்கும். சிலருக்குச் சமைத்த உணவுக்குப் பதிலாக அரிசியும் காய்கறியும் வீட்டுக்கு அனுப்பப்படும். சமைக்காத அரிசிக்குத் தீட்டில்லை, வெந்த சோற்றுக்கு உண்டு என்பது சாதியின் பழைய இலக்கணம். அந்த அண்டை வீட்டார் அதே ஆலயத்தில் அதே நற்கருணையைப் பெறும் கிறித்தவராகவும் இருக்கக்கூடும்.

உணவே சோதனையாக இருந்த காலம்

சாதி நீங்கியதா என்பதைப் பந்தியில்தான் அறிய முடியும் என்பது நமது கண்டுபிடிப்பு அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புராட்டஸ்டண்ட் மிஷன்கள் இதை நன்கு அறிந்திருந்தன. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு முற்றாகக் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறித்தவர் பலர் அதை எதிர்த்துச் சபையைவிட்டு விலகினர். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு ஒரு படி மேலே சென்றது. பறையர் சமைத்த உணவை உண்பதே ஒருவர் சாதியைத் துறந்தார் என்பதற்கு நிறைவான சான்று என்று அது வரையறுத்தது. லைப்சிக் லுத்தரன் மிஷன் இந்நிலைப்பாட்டை ஏற்கவில்லை.

ஞானஸ்நானம் பெற்றவர் சாதியைத் துறந்தவர் என்று கருதியிருந்தால் அம்மாநாட்டுக்குத் தனிச் சோதனையே தேவைப்பட்டிராது. தண்ணீர் போதவில்லை என்பதை நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே மிஷனரிகள் ஒப்புக்கொண்டார்கள். நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கத்தோலிக்க ஆலயம், சாதிக்கொரு கூடமாக இரண்டாகப் பிரிந்தே எழுந்தது. நடுச்சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஏற்றுக்கொண்டது.

சட்டம் எதைப் பார்க்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 341ஆம் உறுப்பின்கீழ் பிறப்பிக்கப்பட்ட 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது தளர்த்தப்பட்டது. கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். தனித்தொகுதியில் போட்டியிடும் உரிமையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவர்களுக்கு இல்லை. கிறித்தவத்துக்கு மாறியவர் அச்சட்டத்தை நாட முடியாது என்று 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

புதுச்சேரியைச் சேர்ந்த பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிய வழக்கில், 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் அவரது கோரிக்கையை நிராகரித்தது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற திருமுழுக்கின் பதிவும் அவருக்கு எதிரான சான்றுகளில் ஒன்றாயிற்று. அவர் தொடர்ந்து ஆலயத்துக்குச் சென்று வந்ததையும் நீதிமன்றம் கருத்தில் கொண்டது என்பது உண்மை. ஆயினும், பேசத் தெரியாத வயதில் பெற்றோர் எடுத்த முடிவு, வளர்ந்தபின் ஓர் உரிமையை மறுக்கும் ஆவணமாவதை நாம் கவனிக்க வேண்டும். அக்குழந்தையின் விருந்தில் யார் உண்டார்கள், யார் உண்ணவில்லை என்பதைக் கேட்கும் இடம் இன்றைய சட்டத்தில் இல்லை.

அந்த இடத்தைத் திறக்கக்கூடிய சாவி 1985ஆம் ஆண்டின் சூசை வழக்கில் இருக்கிறது. சென்னையில் செருப்புத் தைக்கும் தொழிலாளியான அவர், கிறித்தவர் என்பதால் அரசின் இலவசப் பெட்டிக்கடைத் திட்டத்தில் தமக்கு இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார், தோற்றார். மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. இந்துச் சமூக அமைப்பில் பட்ட இழிவுகள் புதிய சமயச் சூழலிலும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்று நிறுவ வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அத்தகைய விரிவான ஆய்வு எதுவும் தம்முன் வைக்கப்படவில்லை என்றும் குறிப்பிட்டது.

நாம் சேகரிக்க வேண்டியது

நீதிமன்றம் கேட்பது ஓர் ஒப்பீடு. ஆகவே, நாம் திரட்டும் சான்றும் ஒப்பீடாகவே அமைய வேண்டும். ஒரே ஊரில் ஓர் இந்து தலித் குடும்பத்தின் காதணி விழாவையும் ஒரு கிறித்தவ தலித் குடும்பத்தின் ஞானஸ்நான விருந்தையும் அருகருகே வைத்துப் பதிவு செய்ய வேண்டும். யார் சமைத்தார், யார் அழைக்கப்பட்டார், யார் வந்தும் உண்ணவில்லை, யாருக்குத் தனிப் பந்தி, பங்கு மண்டபம் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். இரு விழாக்களிலும் அதே அண்டை வீட்டார் சோடா மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினால், சூசை வழக்கு எழுப்பிய கேள்விக்கான விடையின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. ஒரு விருந்து எதையும் நிறுவாது. பல ஊர்களில், தேதியோடும் ஒப்புதலோடும் பெற்ற வாக்குமூலங்கள் சேர்ந்தால் அவற்றுக்கு ஆய்வின் எடை கிடைக்கும். கல்லூரி மாணவர்கள் தங்கள் விடுமுறைகளில் செய்யக்கூடிய பணி இது.

இப்போதே பயன்படக்கூடிய ஒரு சட்டமும் உண்டு. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 4, தீண்டாமையின் காரணமாகச் சமூக, சமயச் சடங்குகளில் பங்கேற்பதைத் தடுப்பதையும், பொதுமக்களுக்கோ அவர்களில் ஒரு பிரிவினருக்கோ உரித்தாக்கப்பட்ட இடங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. பட்டியல் சாதியினருக்கு எதிரான செயல் தீண்டாமையால் நிகழ்ந்தது என்று அனுமானிக்கச் சொல்லும் பிரிவு 12 மட்டும் தலித் கிறித்தவருக்குத் துணை வராது. காரணத்தை அவரே மெய்ப்பிக்க வேண்டும். தன் வீட்டு விருந்துக்கு யாரை அழைப்பது என்பதில் சட்டம் தலையிடாது. பங்கு மண்டபத்தின் கதவு சாதி பார்த்து மூடப்பட்டால் இச்சட்டத்தை நாடலாம்.

இப்பதிவு நேர்மையாக அமைய, நம் பந்திகளையும் அதில் சேர்க்க வேண்டும். பறையர் அல்லது பள்ளர் கிறித்தவக் குடும்பத்தின் விருந்தில் அருந்ததியர் எங்கே அமர்கிறார், அருந்ததியர் வீட்டு ஞானஸ்நானத்தில் நாம் உண்கிறோமா என்ற கேள்விகளை விலக்கிவிட்டுத் திரட்டும் சான்று, குறுக்கு விசாரணையில் நிற்காது. அறத்தின் முன்னும் நிற்காது.

மூன்றாம் பத்தியை நீக்க வேண்டும் என்று 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பரிந்துரைத்தது. 2004இல் தொடுக்கப்பட்ட வழக்கு இருபது ஆண்டுகளைக் கடந்து நீண்டது. 2022இல் ஒன்றிய அரசு நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரல் 19 அன்று தமிழ்நாடு சட்டமன்றம், கிறித்தவர்களான ஆதிதிராவிடர்க்கும் பட்டியல் சாதி உரிமை வழங்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. இந்த மன்றங்கள் ஒவ்வொன்றும் சான்று கேட்கின்றன. அச்சான்று நம் ஊர்ப் பந்தல்களில், இலைகளுக்கு முன்னே காலியாக விடப்படும் இடங்களில் இருக்கிறது. அதை எழுதி, கையொப்பம் பெற்று, அவர்கள் முன் வைப்பது நம் வேலை.