கைவேலை அறையை அழகாக்குவோம், அமானிதத்தையும் காப்போம்!

 

நம்மில் பலருடைய வீடுகளில் ஒரு தையல் மெஷின் இருக்கிறது. சில வீடுகளில் அதற்கென ஒரு சிறிய அறை உண்டு. சில வீடுகளில் விறாந்தையின் ஒரு மூலைதான் அறை. அங்கே நுழைந்து பார்த்தால் நூல் ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம், கத்தரிக்கோல் கட்டிலுக்குக் கீழே. பெருநாள் நெருங்கும்போது அந்த மூலையைப் பார்க்கவே பயமாக இருக்கும். இந்த மூலையைக் காசு செலவில்லாமல் ஒழுங்காகவும் அழகாகவும் வைத்துக்கொள்ளும் வழிகளைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அரபு மத்ரஸாவில் பாடம் சொல்லும் மௌலவிக்கு இது என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

எங்கள் முசலிப் பகுதிக்கு என் மூத்த சகோதரி குடும்பத்துடன் மீளக் குடியேறி வந்து தையல் தொழில் செய்கிறார். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது எங்கள் வீட்டு மெஷினும் வீட்டோடு நின்றுவிட்டது. உம்மா ஒரு பிஸ்கட் டின்னை மட்டும் எடுத்து வந்தார். ஊசி, நூல், கத்தரிக்கோல், கொஞ்சம் பொத்தான். புத்தளத்துக் கிடுகுக் கொட்டிலில் அந்த டின்தான் எங்கள் தையல் அறை. அதற்குள் எது எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் உம்மாவுக்குத் தெரியும்.

2009இல் யுத்தம் முடிந்த பின்னர் ஊர் திரும்பினோம். சகோதரிக்குச் சொந்தமாக ஒரு அறை கிடைத்தது. பல வர்ணத் துண்டுகளை இணைத்து யன்னலுக்கு ஒரு திரை தைத்துப் போட்டார். வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தார்கள். ஒரு நாள் சட்டை தைக்கக் கொடுக்க வந்த ஒரு விதவைச் சகோதரி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பச்சைப் பூத்துணி எங்கட மகள்ட பெருநாள் துணிதானே?" என்று மெதுவாகக் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தத் துண்டு இருந்திருந்தால் சின்னவளுக்கு ஒரு கைச்சட்டைக்குக் காணும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு சகோதரி என்னிடம் சொன்னார்: "தம்பி, இந்தத் திரையில எது என்ட துண்டு, எது மற்றாக்கள்ட துண்டு எண்டு எனக்கே தெரியல்ல."

சகோதரிகளே! ஒழுங்கின்மை வெறும் அழகுக் குறைவு அல்ல என்பதை நான் அன்றுதான் விளங்கிக்கொண்டேன். கலந்து கிடக்கும் இடத்தில் ஹலாலும் பிறர் ஹக்கும் கலந்துவிடுகின்றன.

மீந்த துணி யாருக்குச் சொந்தம்?

ஒருவர் நம்மிடம் துணி தந்தால் அது நம் கையில் அமானிதம். வெட்டியது போக மீதியாகும் துண்டும் அவருடையதே. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் சூரத்துன் நிஸாவின் 58ஆம் வசனத்தில் ஏவுகிறான். நம் கவனக்குறைவால் அத்துணி பழுதானால் அதற்கு நாமே பொறுப்பு. உரியவர் "எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று மனப்பொருத்தத்துடன் சொன்னால் அது ஹலால். சொல்லாதவரை நம் திரைக்கோ தலையணைக்கோ அதில் உரிமை இல்லை. ஒன்றுக்கும் உதவாத நூலும் விளிம்பும் வழக்கத்தில் எவரும் தேடாதவை. அவற்றைப் பற்றி மனம் குழம்பத் தேவையில்லை.

ஆகவே துணி வாங்கும்போதே "மீதியானால் தரவா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்டதை எழுதியும் வையுங்கள். அதற்கு உதவுவதுதான் நம் முதல் கைவேலை.

1. பெயர்ப் பைகள்

பழைய படுக்கை விரிப்பில் 15 அங்குல நீளம், 12 அங்குல அகலத்தில் பைகள் தைத்துக்கொள்ளுங்கள். வாயை மடித்துத் தைத்து அதற்குள் கயிறு கோருங்கள். காட்போட் மட்டையில் சிறு துண்டு வெட்டி, துளையிட்டு, கயிற்றில் கட்டுங்கள். அதில் ஐந்து விடயங்களை எழுதுங்கள்: உரியவர் பெயர், வாங்கிய தேதி, கொடுக்க வேண்டிய தேதி, துணியின் நீளம், மீதி வேண்டுமா வேண்டாமா என்பது. ஒருவருடைய துணி, அளவுச் சட்டை, பொத்தான், மீதித் துண்டு அனைத்தும் அவருடைய பையிலேயே இருக்கட்டும். சுவரில் ஒரு பலகை அடித்து, வரிசையாக ஆணியிட்டு, கொடுக்க வேண்டிய தேதிப்படி தொங்கவிடுங்கள். முதலில் இருப்பது முதலில் தைக்க வேண்டியது. "நாளைக்கு வாங்க" என்று வாக்கு மாறும் பழக்கமும் இதனால் குறையும், இன்ஷா அல்லாஹ்.

2. சுவர்ப் பை

வாப்பாமாரின் கிழிந்த சாரம் ஒன்று போதும். நல்ல பகுதியை எடுத்து இரட்டையாக மடித்து, 36 அங்குல உயரம், 24 அங்குல அகலத்தில் அடித்துணி தைத்துக்கொள்ளுங்கள். பைகளுக்காக 32 அங்குல நீளம், 8 அங்குல அகலத்தில் மூன்று பட்டிகள் வெட்டுங்கள். மேல் விளிம்பை மடித்துத் தையுங்கள். ஒவ்வொரு பட்டியையும் நான்கு பைகளாகப் பிரித்து அடித்துணியில் இணையுங்கள். பட்டி 8 அங்குலம் நீளமாக இருப்பதால் ஒவ்வொரு பையும் 2 அங்குலம் தளர்ந்து நிற்கும். பொருள் வைக்க இடம் கிடைக்கும். மேலே ஒரு மடிப்புத் தைத்து அதற்குள் கம்பு செருகித் தொங்கவிடுங்கள்.

மேல் வரிசையில் கத்தரிக்கோல், பிளேடு. நடுவில் அளவு நாடா, சுண்ணக்கட்டி, சிப். கீழே லேஸ், இலாஸ்டிக் போன்ற மென்மையான பொருட்கள். சிறு பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் கூரான எதுவும் இருக்கக் கூடாது.

3. நூற்கட்டைப் பலகை

18 அங்குலத்துக்கு 12 அங்குலம் கொண்ட ஒரு பலகை, தலை சிறிய 3 அங்குல ஆணி 24. ஒரு வரிசைக்கு ஆறு வீதம் நான்கு வரிசை. ஆணிகளைச் சற்று மேல்நோக்கிச் சரித்து அடித்தால் கட்டைகள் வழுக்கி விழாது. வெள்ளை, கறுப்பு நூல்கள் முதல் வரிசையில் இருக்கட்டும். அவைதான் அடிக்கடி தேவைப்படும். வெயில் நேராக விழும் சுவரில் இதை மாட்டாதீர்கள். வெயிலில் நூலின் நிறம் மங்கும், பலமும் குறையும். வேலை இல்லாத நேரத்தில் ஒரு துணியால் மூடிவிட்டால் தூசு படாது.

சூரத்துந் நஹ்லின் 92ஆம் வசனத்தில், உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப்போட்ட ஒரு பெண்ணை அல்லாஹ் உவமையாகக் காட்டுகிறான். உறுதிமொழியை முறிப்பவர்களுக்கான எச்சரிக்கை அது. நூலைக் கையில் எடுக்கும்போது வாக்கும் நினைவுக்கு வருவது நல்லதுதானே!

4. பொத்தானுக்கு முத்துப் பாடம்

நம் சிலாவத்துறை, அரிப்பு, மறிச்சுக்கட்டிக் கரைகள் ஒரு காலத்தில் முத்துக்குளிப்பால் உலகப் புகழ் பெற்றிருந்தன. 1905இல் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பு மிகப் பெரியது. அக்காலத்தில் முத்துக்களைத் தரம் பிரிக்கத் துளையிட்ட பித்தளைத் தட்டுக்களை வைத்திருந்தார்கள். முதல் தட்டில் 20 துளை. அடுத்தடுத்த தட்டுக்களில் 30, 50, 80, 100 என்று கூடி, கடைசித் தட்டில் 1000 துளை. ஒவ்வொரு தட்டாகச் சலிக்கும்போது பெரிய முத்து மேலே தங்கும், சிறியவை கீழே இறங்கும். கலந்து கிடந்தால் முத்துக்கும் விலை தெரியாது.

நம் பொத்தான்களும் அப்படித்தான். நான்கைந்து தேங்காய்ச் சிரட்டைகளை எடுத்து, உள்ளும் புறமும் கண்ணாடித் துண்டால் சுரண்டி, மணற்கடதாசியால் தேய்த்து, சிறிது தேங்காய் எண்ணெய் பூசித் துடையுங்கள். அழகான கிண்ணம் தயார். ஆடாமல் நிற்கப் பழைய வளையல் ஒன்றை அடியில் வையுங்கள். சட்டைப் பொத்தான், பெரிய பொத்தான், கொக்கி, மணி என்று பிரித்து வையுங்கள்.

வெற்று ஜாம் போத்தல்களுக்கும் வேலை உண்டு. மூடியைத் தட்டின் அடிப்பக்கத்தில் இரண்டு ஆணியால் அடித்துவிட்டு, போத்தலைக் கீழிருந்து திருகி மாட்டலாம். மேசையில் இடம் மிச்சம். உள்ளே இருப்பதும் வெளியே தெரியும்.

5. ஊசிக்கு ஒரு கணக்கு

கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஊசி துணியில் கறை வைக்கும். மூடியுள்ள சிறு டின்னில், மெஷின் எண்ணெய் இரண்டு துளி விட்ட துணியில் ஊசிகளைக் குத்தி வையுங்கள். எடுத்ததும் துடைத்துவிட்டுத் தைக்க வேண்டும்.

வேலை நேரத்துக்கு நன்கு காய்ந்த மரத்தூளை இறுக்கி அடைத்த சிறு மெத்தை ஒன்று போதும். வேலை தொடங்கும்போது ஊசி, குண்டூசிகளை எண்ணுங்கள். முடிக்கும்போதும் எண்ணுங்கள். குறைந்தால் தேடிய பின்பே எழும்புங்கள். பழைய ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்தால் விழுந்த ஊசி ஒட்டிக்கொள்ளும். பாதையில் கிடக்கும் தீங்கை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். தவழும் குழந்தையின் பாதை நம் வீட்டுத் தரைதான்.

6. பனையோலையும் சுளகும்

நம் உம்மும்மாமாரின் கடகம், குட்டான், சுளகு எல்லாம் பிளாஸ்டிக் வாளி வந்ததும் மறைந்து வருகின்றன. கைவேலை அறைக்கு அவற்றைத் திரும்ப அழையுங்கள். வெட்டிய துணியைப் போட ஒரு கடகம், குப்பைத் துண்டுக்கு ஒரு பெட்டி. பழைய சுளகின் உட்புறத்தில் துணி நாடாவை வளையம் வளையமாகத் தைத்துச் சுவரில் மாட்டினால் தூரிகை, கொக்கிப் பின்னல் ஊசி, பென்சில் எல்லாம் செருகி வைக்கலாம்.

பின்னத் தெரிந்தவர்கள் குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அளவாக வாருங்கள். சாயம் கொதிக்கும் நீரில் ஓலையைப் போட்டு எடுத்து நிழலில் காயவிடுங்கள். சிவப்பும் பச்சையும் ஊடுபாவாகப் பின்னிய ஒரு சிறு தடுக்கு வெள்ளைச் சுவரில் எவ்வளவு எடுப்பாக இருக்கும் தெரியுமா? பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திப் பின்னுங்கள். இடம்பெயர்ந்த காலத்தில் எத்தனையோ கைத்தொழில்கள் பாதியில் நின்றுவிட்டன. கை பழகிய தாய் இருக்கும்போதே மகள் பழகிக்கொள்ள வேண்டும்.

7. வெளிச்சமும் வர்ணமும்

மெஷினை யன்னலோரம் வையுங்கள். வலது கையால் வேலை செய்பவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருவது நல்லது. கையின் நிழல் தையலில் விழாது. சுவருக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறம் பூசினால் சிறிய அறையும் பெரிதாகத் தெரியும். உங்களுக்குச் சொந்தமான துண்டுகளையும் மனப்பொருத்தத்துடன் கிடைத்த துண்டுகளையும் சதுரம் சதுரமாக வெட்டி யன்னல் திரை, கதிரை விரிப்பு, மெஷின் உறை தைக்கலாம். உருவப் படங்கள் வேண்டாம். எட்டு மூலை நட்சத்திரம், சதுரம், கொடி, பூ, இலை போன்றவை போதும். அந்த அறையிலேயே தொழுபவர்களுக்கும் அதுவே பேணுதல். அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ளது.

கையால் உழைப்பது கண்ணியம்

சகோதரிகளே! தையலைச் சின்ன வேலை என்று எண்ண வேண்டாம். நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலிருந்தே உண்டார்கள் என்று புகாரியில் வருகிறது. அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டு, தைத்து, அதில் வந்ததை ஸதகா செய்தார்கள். தம் மனைவியரில் "நீண்ட கை" உடையவரே முதலில் தம்மை வந்தடைவார் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருந்தார்கள். அன்னையர் கைகளை அளந்து பார்த்தார்கள். ஸைனப் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 20இல் வபாத்தானபோதுதான், நீண்ட கை என்பது கொடுக்கும் கை என்று விளங்கிற்று. நபி (ஸல்) அவர்களே தம் உடையைத் தைத்தும் செருப்பைச் செப்பனிட்டும் வீட்டில் வேலை செய்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எனவே மேலே சொன்ன பலகைக்கு ஆணி அடிக்கும் வேலையைக் கணவன்மார் செய்து கொடுக்கட்டும். அதுவும் ஸுன்னத்தைப் பின்பற்றியதாக இருக்கும்.

என் சகோதரியின் திரை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவர் அதைக் கழற்றிப் பிரித்தார். அடையாளம் தெரிந்த துண்டுகளை உரியவர்களிடம் கொண்டுபோய்ச் சம்மதம் கேட்டார். அநேகர் சிரித்துக்கொண்டே ஹலாலாக்கினார்கள். பச்சைப் பூத்துணி சின்னதாக வெட்டுப்பட்டிருந்தது. அதற்குப் பதிலாகத் தன் காசில் துணி வாங்கி, அந்தச் சின்னப் பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார். யாருடையது என்று தெரியாத துண்டுகளை உரியவர்கள் பெயரால் ஸதகாவாக்கினார். இப்போது அந்த யன்னலில் உம்மாவின் பழைய சேலையில் தைத்த திரை தொங்குகிறது. முன்னையதைப் போல் பல வர்ணம் இல்லை. அதன் கீழே உம்மாவின் பிஸ்கட் டின். பக்கத்தில் வரிசையாகப் பெயர்ப் பைகள்.

வல்ல அல்லாஹ் நம் கைகளின் உழைப்பிலும் நம் வீடுகளிலும் பரக்கத் செய்வானாக! பிறர் ஹக்கைச் சுமந்தவர்களாக அவனைச் சந்திப்பதிலிருந்து நம்மைக் காப்பானாக! ஆமீன்.