ஒரு சென்டிமீட்டர் சுதந்திரம்

விம்பிள்டன் டென்னிஸில் ஆட வருபவர் வெள்ளைதான் உடுத்த வேண்டும் என்பது ஊரறிந்த செய்தி. அந்த வெள்ளையை எவ்வளவு கறாராக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. கிரீம் நிறம் வெள்ளைக் கணக்கில் சேராது. கழுத்து, கைவிளிம்பு, தொப்பி, சாக்ஸ் ஆகியவற்றில் வேறு நிறத்தில் ஒரு கோடு ஓடலாம். அதன் அகலம் 1 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஷூவின் அடிப்பாகமும் வெள்ளையாக இருக்க வேண்டும். வியர்வையில் நனைந்து உள்ளாடை தெரிந்தால் அதற்கும் இதே சட்டம்தான்.

இத்தனைக்கும் மூலம் அந்த வியர்வைதான் என்கிறார்கள். போட்டி தொடங்கியது 1877-ல். அந்தக் காலத்து இங்கிலாந்து மேட்டுக்குடியினருக்கு, வண்ணத் துணியில் வியர்வைத் திட்டு தெரிவது அநாகரிகம். வெள்ளையில் அது அவ்வளவாகக் கண்ணில் படாது.

நிறத்துக்குப் பூட்டு போட்டுவிட்டதால், ஆசைப்பட்டவர்கள் வெட்டிலும் தையலிலும் கை வைத்தார்கள். பெண்கள் இடுப்பை இறுக்கும் கோர்செட்டோடு தரை தட்டும் பாவாடையில் ஆடிப் பழகியிருந்த களத்துக்கு, 1919-ல் பிரான்ஸிலிருந்து சுசான் லெங்லென் வந்தார். கோர்செட் இல்லை, பாவாடை கெண்டைக்கால் வரைதான். வாய் பிளந்தவர்கள் கண் முன்னாலேயே பட்டத்தையும் வென்றார். விதிப்படி எல்லாம் வெள்ளை. பின்னாளில் பாரிஸின் பிரபல உடை வடிவமைப்பாளர் ழான் பட்டூ அவருக்கு உடை தைத்தார். லெங்லென் தலையில் சுற்றிய துணிப்பட்டை, டென்னிஸே பார்க்காத பெண்களிடமும் பரவியது.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த குறும்பு 1949-ல் நடந்தது. அமெரிக்க வீராங்கனை கஸ்ஸி மோரன், தன் உடையில் கொஞ்சம் வண்ணம் வேண்டும் என்று டெட் டின்லிங்கிடம் கேட்டார். டின்லிங் விம்பிள்டனில் வீரர்களை வரவேற்று அழைத்துவரும் பொறுப்பில் இருந்தவர், உடை வடிவமைப்பாளரும்கூட. விதி தெரிந்தவர் என்பதால் வண்ணத்தை விட்டுவிட்டு, குட்டைப் பாவாடைக்குள் அணியும் உள்ளுடையின் ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்தார். லேஸ் வெள்ளை, சட்டத்தில் எங்கும் மீறல் இல்லை. ஆனால், புகைப்படக்காரர்கள் புல்தரையில் படுத்துக்கொண்டு படம் எடுத்தார்கள். போட்டியை நடத்தும் கிளப் கொதித்தது, டின்லிங் வேலையை விட்டு விலக நேர்ந்தது. மீண்டும் அவருக்கு அங்கே பொறுப்பு கிடைத்தது 33 ஆண்டுகள் கழித்து, 1982-ல்.

ஆக, சட்டத்தில் எழுதியிருப்பது நிறம் மட்டும்தான். எழுதாமல் மனதில் வைத்திருப்பது வேறு. 1985-ல் ஆன் வொயிட் என்ற அமெரிக்கர் கழுத்து முதல் கணுக்கால் வரை உடலோடு ஒட்டிய ஒரே உடையில் வந்தபோதும் இதே கதை. தூய வெள்ளை. பெயரும் வொயிட்! வெளிச்சம் போதாமல் ஆட்டம் பாதியில் நின்றது. மறுநாள் வேறு உடையில் வருமாறு நடுவர் சொல்லிவிட்டார். வேறு உடையில் வந்தார், தோற்றார்.

நம்மூர்க்காரர்களுக்கு இந்த ஒரு சென்டிமீட்டர் சங்கதி புதிதில்லை. மேடையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைதான். யார் எந்தக் கட்சி என்பதைக் கரை சொல்லிவிடும். சுற்றிலும் வெள்ளையாக இருப்பதால்தான் அந்தச் சிறு கோடு அவ்வளவு சத்தமாகப் பேசுகிறது.

ஆந்த்ரே அகாஸி இதை மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார் என்பேன். கண்ணைப் பறிக்கும் நிறங்களில் ஆடிப் பழகியவர். ஆடைக் கட்டுப்பாடு பிடிக்காமல் 1988 முதல் 1990 வரை விம்பிள்டன் பக்கமே போகவில்லை. 1991-ல் வந்தபோது, உள்ளே என்ன போட்டிருக்கிறாரோ என்று அரங்கமே காத்திருந்தது. மேலுடையைக் கழற்றினால் தலை முதல் கால் வரை வெள்ளை! அடுத்த ஆண்டு கோப்பையும் அவருக்குத்தான்.

ரோஜர் ஃபெடரர் வேறு ரகம். கோட்டும் மேலாடையுமாக மாப்பிள்ளைபோல் களத்துக்கு வந்தவர். 2009 இறுதி ஆட்டத்தில் ஆண்டி ராடிக்கை ஐந்தாவது செட்டில் 16-14 என்று வென்றதும், 15 என்று பொறித்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டார். அது அவருடைய 15-வது கிராண்ட்ஸ்லாம். எதிரில் ஒரு மனிதர் உடைந்துபோய் உட்கார்ந்திருக்கும்போது, முன்கூட்டியே எண் பொறித்த உடை எனக்கு ரசிக்கவில்லை. ராடிக் ஜெயித்திருந்தால் அதை எங்கே ஒளித்திருப்பார்கள்? நான்கு ஆண்டுகள் கழித்து ஃபெடரருடைய ஷூவின் அடிப்பாகம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அடுத்த ஆட்டத்துக்கு மாற்றச் சொன்னார்கள். மாற்றினார், அந்த ஆட்டத்தில் தோற்றும் போனார்.

அழகுக்கும் துடுக்குக்கும் நடந்த இந்தச் சண்டைகளுக்கு நடுவே, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு சிரமம் இருந்தது. மாதவிடாய் நாளில், லட்சக்கணக்கானோர் பார்க்க, வெள்ளை உடையில் ஓடி ஆட வேண்டும். கறை பட்டுவிடுமோ என்ற பயத்தோடு ஆடுவதைப் பற்றியும், மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை போட்டுக்கொள்வதைப் பற்றியும் வீராங்கனைகள் 2022-ல் வெளிப்படையாகப் பேசினார்கள். அந்த நவம்பரில் கிளப் இறங்கிவந்தது. 2023 முதல், பாவாடைக்குள் அடர்நிற ஷார்ட்ஸ் அணியலாம். பாவாடையைவிட நீளமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பெண்கள் அங்கே ஆடத் தொடங்கியது 1884-ல். இந்தச் சின்ன அனுமதிக்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேல் ஆகியிருக்கிறது.

வெள்ளை விதி போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பச்சைப் புல்லில் அந்த வெள்ளைக்கு ஓர் அழகு இருக்கிறது. ஷூவின் அடியைப் புரட்டிப் பார்ப்பதுதான் சின்னத்தனம்.

நம் பள்ளிகள் பலவற்றில், விளையாட்டு வகுப்பு நாளில் மாணவிகளுக்கு வெள்ளைச் சீருடை. அந்தப் பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கீழாடையையாவது அடர்நிறத்துக்கு மாற்றுங்கள். விம்பிள்டனே மாறிவிட்டது.