எரிந்த ஏடுகளுக்கு நடுவே வேரைத் தேடி...



"ஐந்து தலைமுறைக்கு முந்தைய உங்கள் பாட்டனார் எந்த ஊரில் பிறந்தார்?" இந்த வாரக் கருத்துமேடையில் நாம் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். இதற்கு விடை தேடுவதில் உலகிலேயே மிகவும் சிரமப்படுகிறவர்களில் அயர்லாந்து வம்சாவளியினரும் அடங்குவர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கான்வென்ட் பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரிகளில் பலர் அந்த நாட்டவர் என்பது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

ஏன் ஊரைவிட்டுப் போனார்கள்?

ஏழை மக்களின் அன்றாட உணவாக இருந்த உருளைக்கிழங்கு, 1845இல் கருகல் நோயால் அழியத் தொடங்கியது. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறக்குறைய 10 இலட்சம் பேர் மாண்டனர். அதே அளவு மக்கள் கப்பலேறி அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து என்று போனார்கள். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "நாம் அயர்லாந்துக்காரர்கள்" என்ற ஒன்றைத் தவிர, ஊர்ப் பெயரைக்கூடப் பல குடும்பங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கவில்லை.

சரி, அரசாங்க ஏடுகளைப் பார்க்கலாமே என்றால் அங்கும் ஓர் அடி விழுந்தது. 1922 ஜூன் 30ஆம் தேதி, உள்நாட்டுப் போரின்போது டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. 1861 முதல் 1891 வரையிலான நான்கும் அரசாங்கத்தாலேயே முன்னதாக அழிக்கப்பட்டுவிட்டன. நாடு முழுமைக்குமாக எஞ்சியவற்றில் மிகப் பழையது 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புதான். அதற்கடுத்தது 1911.

எஞ்சியவை என்ன?

எல்லாம் போய்விட்டதென்று மனம் தளர வேண்டியதில்லை. 1864 ஜனவரி முதல் பிறப்பும் இறப்பும் அனைவருக்கும் பதிவாயின. கத்தோலிக்கத் தேவாலய ஏடுகள் பெரும்பாலும் அந்தந்த ஊரிலேயே இருந்ததால் நெருப்புக்குத் தப்பின. அவற்றின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 ஜூலையில் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. 1847க்கும் 1864க்கும் இடையில் நிலவரிக்காக எடுத்த 'கிரிஃபித் மதிப்பீடு', எந்தத் துண்டு நிலத்தில் யார் குடியிருந்தார், நிலச்சுவான்தார் யார் என்று சொல்கிறது.

அந்தத் துண்டு நிலத்துக்கு 'டவுன்லேண்ட்' என்று பெயர். பெயரில்தான் டவுன், உண்மையில் சில வயல்களும் சில வீடுகளுமே இருக்கும். நாட்டில் அப்படி 60,000க்கும் மேல் உண்டு. இந்தப் பெயர் கிடைத்தால்தான் சரியான தேவாலய ஏட்டைத் திறக்க முடியும்.

பெயரிலும் வயதிலும் பொறி

அயர்லாந்துப் பெயர்களில் வரும் 'ஓ' என்பது பேரனை, வழித்தோன்றலைக் குறிக்கும். 'மக்' என்பது மகனைக் குறிக்கும். ஆங்கிலேயர் ஆட்சியில் பலர் இந்த முன்னொட்டை விட்டுவிட்டார்கள். பிறகு சிலர் மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். சல்லிவனும் ஓ'சல்லிவனும் ஒரே குடும்பமாக இருக்கலாம். போதாக்குறைக்கு ஏட்டில் பாதிரியார் லத்தீனில் எழுதியிருப்பார். ஜேம்ஸ் அங்கே ஜேக்கோபஸ். வில்லியம் அங்கே குலியெல்மஸ்.

மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர் என்பது அங்கே பரவலான வழக்கம். பாட்டன் பெயரைத் தாங்குகிறவனைப் 'பெயரன்' என்று அழைத்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் ஒரு தாத்தாவின் பெயர் நான்கு பேரன்களுக்கும் வந்துவிட்டால், ஒரே ஊரில் ஒரே வயதில் நான்கு பேட்ரிக்! தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் ஞானப்பெற்றோர் பெயரையும் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்.

வயதையும் அப்படியே நம்ப முடியாது. 70 வயதானவர்களுக்கு ஓய்வூதியம் தரும் சட்டம் 1908இல் வந்தது. அதன் பிறகு, 1901இல் 58 என்று எழுதியவர் 1911இல் 72 என்று எழுதிய கதைகள் ஏராளம். இதிலும் ஒரு நன்மை விளைந்தது. பிறப்புச் சான்று இல்லாத முதியவர்களின் வயதை அறிய, அதிகாரிகள் 1841, 1851 கணக்கெடுப்புகளைப் புரட்டிக் குறிப்பெடுத்தார்கள். மூல ஏடுகள் எரிந்துபோனாலும் அந்தக் குறிப்புத்தாள்கள் இன்றும் இருக்கின்றன.

கை கொடுக்கும் சக தேடுநர்கள்

தனியாளாக இதைச் செய்து முடிப்பது கடினம். அமெரிக்க அதிபராக இருந்த பராக் ஒபாமாவின் குடும்பத்தையே பாருங்கள். அவருடைய தாய்வழியில் ஐந்து தலைமுறைக்கு மேலே வருபவர் ஃபால்மத் கியர்னி. செருப்புத் தைப்பவரின் மகன், 1850இல் கப்பலேறியவர். அமெரிக்காவில் ஒரு வம்சாவளி ஆய்வாளர் பெயரைக் கண்டுபிடித்தார். அவர் கேட்டுக்கொண்டதன்பேரில், அயர்லாந்தின் ஆஃபலி வட்டாரத்தில் இருந்த போதகர் ஒருவர் ஊரிலேயே தங்கியிருந்த பழைய ஏடுகளைப் புரட்டி, கியர்னி குடும்பத்தின் பதிவுகளை 2007இல் கண்டெடுத்தார். 2011 மே 23ஆம் தேதி ஒபாமா அந்த மனிகால் கிராமத்துக்கே போனார். இரண்டு கரைகளில் இருந்த இருவர் இல்லையேல் இது நடந்திருக்காது.

இப்படித்தான் பலரும் உதவிக்கொள்கிறார்கள். ஒருவர் கல்லறை எழுத்துகளைப் படித்துப் பட்டியலிடுகிறார். இன்னொருவர் லத்தீன் கையெழுத்தை வாசித்துத் தருகிறார். உள்ளூர்க்காரர், "அந்தப் பெயர் எங்கள் பக்கத்தில் கிடையாது, அடுத்த வட்டாரத்தில் பாருங்கள்" என்று வழிகாட்டுகிறார். எரிந்த ஆவணங்களின் நகல்களைப் பல நாட்டுக் காப்பகங்களில் தேடிச் சேர்த்து, 2022 ஜூனில் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் ஓர் இணையக் காப்பகத்தையே திறந்தார்கள்.

உதவி கேட்பவர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு, எந்தச் சமயம், உடன்பிறந்தோர் யார், ஏற்கெனவே எங்கே தேடினோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மற்றவர் தயாரித்த குடும்ப மரத்தை ஆதாரம் பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. தவறான பேட்ரிக்கைத் தாத்தாவாக்கிவிட்டால், அவருக்கு மேலே உள்ள அத்தனை தலைமுறையும் அந்நியருடையதாகிவிடும். மரபணுச் சோதனை உறவைக் காட்டும். ஊர்ப் பெயரைச் சொல்லாது. அதற்குக் காகிதம்தான் வேண்டும்.

இது வெறும் பொழுதுபோக்குமல்ல. தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்தவர் என்று நிரூபிக்க முடிந்தவர், அந்நாட்டுக் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஒரு பழைய சான்றிதழ் ஒருவரின் எதிர்காலத்தையே மாற்றக்கூடும்.

அனுபவமுள்ள தேடுநர்கள் எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான்: காப்பகத்துக்குப் போவதற்கு முன், வீட்டிலுள்ள முதியவரிடம் கேளுங்கள். ஏட்டைப் பிறகும் புரட்டலாம். அவரிடம் பிறகு கேட்க முடியாமல் போகலாம். புகைப்படத்தின் பின்புறம், ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கம், பழைய கடித உறை, எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு டவுன்லேண்டின் பெயர் அங்கேதான் காத்திருக்கும்.